வரிசையில் விடுபட்ட பெயர்கள்

புதன்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்குத் தெமெனுகா சோதனைத் தளத்தைத் திறந்து பார்த்தாள். அன்று காலை அவள் உருவாக்கிய முந்நூறு பொய் நோயாளிகளை அங்கே காணவில்லை. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். வெளியேறி மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரு பொய் ஆள்கூட இல்லை.

அவர்கள் போயிருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான். அதைத் திறந்து பார்க்கும் முன் அவள் தன் குறிப்பேட்டைத் திறந்தாள். எந்த வேலையைத் தொட்டாலும் அதில் எழுதிவைப்பது அவள் வழக்கம். தன் நினைவை அவள் அவ்வளவாக நம்புவதில்லை. முந்தைய நாள் பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது: “ஒரு பிழையைப் பார்ப்பதற்காக என் கணினியை நிஜத் தளத்தோடு இணைத்தேன். திரும்ப மாற்ற வேண்டும்.” அருகில், செய்து முடித்ததும் டிக் போடுவதற்காக வரைந்த சின்னக் கட்டம். கட்டம் காலியாக இருந்தது.

நிஜத் தளத்தைத் திறந்தாள். இன்று சேர்ந்த நோயாளிகள் என்ற இடத்தில் 323 என்று இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் ஐந்து இருக்கும், பத்து இருக்கும்.

ப்ளோவ்திவ் நகரில் நான்காம் மாடியில் இருக்கும் அந்தச் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அவள் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். இல்லாத மனிதர்களை உருவாக்குவதுதான் அவளுடைய வேலை. தெற்கு மாவட்டங்களில் நுரையீரல் கெட்டவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனிக்காக அவர்கள் ஒரு மென்பொருளை நடத்தினார்கள். எந்த வண்டி எந்த வியாழக்கிழமை எந்த ஊருக்கு எத்தனை சிலிண்டரோடு போக வேண்டும் என்று அது கணக்குப் போடும். அதில் எதை மாற்றினாலும் முதலில் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிஜ நோயாளிகளின் விவரத்தை அதற்குத் தொடக்கூடாது. அதனால் தெமெனுகா பெயர், அப்பா பெயர், ஊர், தொலைபேசி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பொய்யாக நிரப்பி ஆட்களை அனுப்புவாள்.

அந்த ஆட்கள்தான் இப்போது நிஜ ஆட்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாமா என்று அவள் யோசித்தாள். சரியாக இரண்டு நிமிடம் யோசித்தாள். பிறகு எழுந்து, குழுத் தலைவர் ஸ்பாஸின் மேஜைக்குப் போய் நின்றாள். ஸ்பாஸ் காகிதத்தில் சுற்றிய பனித்ஸா என்ற பாலாடைக்கட்டி அடுக்கு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர், தாடியில் பாலாடைக்கட்டித் துணுக்கு. அவள் சொல்லி முடிக்கும்வரை மென்றுகொண்டிருந்தவர், முடித்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

“வேற யாருகிட்டயாவது சொன்னியா, மெனா?”

“இல்ல ஸ்பாஸ் அண்ணே.”

“நல்லது. ரெண்டு மணிக்கு நாளைய வண்டிப் பட்டியல் பூட்டிக்கும். அதுக்கு முன்னால உன் சொந்தக்காரங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பு.”

முந்நூறு பேரை வெளியேற்றுவது அவ்வளவு கடினமாக இல்லை. அவளுடைய நிரல் பெயர்களைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கும். ஆனால் குலுக்கலுக்கு முன்னால் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே எண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் அதே ஆட்கள் அதே வரிசையில் வருவார்கள். தொழிலில் அதற்கு விதை என்று பெயர். அவள் எப்போதும் 1907 என்று கொடுப்பாள், குறிப்பேட்டிலும் எழுதியிருந்தாள். கணினியைச் சோதனைத் தளத்துக்கு மாற்றி, மாற்றியதை மூன்று தடவை சரிபார்த்து, ஸ்பாஸையும் பார்க்கச் சொல்லி, மறுபடி ஓட்டினாள். அதே முந்நூறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் நிஜத் தளத்தில் இருப்பவரோடு வரிக்கு வரி பொருத்தினாள். எல்லாம் பொருந்தின. ஒரே கட்டளையில் முந்நூறும் போயின. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

மூச்சை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்தாள். இருபத்துமூன்று பேர்.

இருபத்துமூன்று பேரும் ஆண்கள். எல்லாருக்கும் திஹோதோல் என்று ஒரே ஊர். தெருப் பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. இருபத்துமூன்று பேருக்கும் ஒரே தொலைபேசி எண். பெயர்கள் அலெகோவில் தொடங்கி ஆங்கெல், அந்தோன், அஸென் என்று அவர்கள் மொழியின் அகரவரிசையில் போய், மூன்றாம் எழுத்தில், வஸிலில் நின்றுவிட்டன. நான்காம் எழுத்தில் ஒருவர்கூட இல்லை.

அதைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்தக் கையெழுத்து அவளுடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் எழுதிய பழைய நிரல் ஒன்று உண்டு. அப்போது அவளுக்குக் குலுக்கல் தெரியாது. ஆண் பெயர்ப் பட்டியலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வரிசையாக ஆள் ஆளாக எழுதும்படி செய்திருந்தாள். ஊரும் ஒன்று, தொலைபேசியும் ஒன்று, வீட்டு எண் கிடையாது. இன்று காலை அவசரத்தில் முதலில் அந்தப் பழைய கோப்பைத்தான் ஓட்டினாள். தப்பான கோப்பு என்று தெரிந்ததும் உடனே நிறுத்தினாள். இரண்டு நொடி ஓடியிருக்கும், அல்லது மூன்று. இனி ஒருநாளும் இந்தத் தப்பு நடக்கக்கூடாது என்று அந்தக் கோப்பையே தடம் இல்லாமல் அழித்தாள். அழித்ததை ஒழுங்காகக் குறிப்பேட்டில் எழுதினாள். அது எத்தனை ஆட்களை எழுதிவிட்டு நின்றது என்பதைப் பார்க்கவில்லை.

“அப்புறம் என்ன,” என்றார் ஸ்பாஸ், அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து. “மூணு எழுத்து ஓடியிருக்கு, நீ கழுத்தைப் பிடிச்சுட்ட. இதுவும் உன் பிள்ளைங்கதான். அனுப்பிடு.”

“அந்தக் கோப்புல எந்த ஊர் போட்டேன்னு ஞாபகம் இல்ல அண்ணே.”

“திஹோதோல்னு ஒரு ஊரை நான் கேள்விப்பட்டதே இல்ல.”

வரைபடத்தில் தேடினார்கள். ஊர் இருந்தது. கர்ஜாலிக்கு அப்பால், மலைக்குள், பழைய ஈயச் சுரங்கத்துக்குப் பக்கத்தில். அது எதையும் நிரூபிக்கவில்லை. அவள் ஊர்ப் பெயர்களை எப்போதும் வரைபடத்திலிருந்துதான் எடுப்பாள்.

நேற்றைய நகலோடு ஒப்பிடலாம் என்று தோன்றியது. ஆனால் இருபத்துமூன்று பேரும் இன்று காலை சேர்ந்தவர்கள். பொய்யாக இருந்தாலும் நிஜமாக இருந்தாலும் நேற்றைய நகலில் இருக்க மாட்டார்கள். ஆக்சிஜன் கம்பெனியில் தினமும் காலை ஒன்பது மணிக்குப் புதிய ஆட்களை மொத்தமாக ஏற்றும் பெண்ணை, வேறு ஏதோ விஷயம் போல ஸ்பாஸ் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் பல் பிடுங்கப் போயிருப்பதாகவும் நாளைக்குத்தான் வருவாள் என்றும் சொன்னார்கள். கம்பெனியில் வேறு யாரிடமும் கேட்க அவர் சம்மதிக்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒப்பந்தம் போகும் என்றார். அப்படிச் சொன்னபோது அவர் குரலும் ஒரு சுற்று இறங்கியிருந்தது.

தெமெனுகா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள். ஒரு பக்கம், இவர்கள் பொய்யாக இருந்து அழிக்காமல் விட்டால்: கிடங்கில் சிலிண்டர் அளவாகத்தான் இருக்கிறது, இருபத்துமூன்றை ஆளில்லாத ஊருக்கு ஏற்றினால் வேறு இருபத்துமூன்று பேருக்கு ஒரு வாரம் தள்ளிப்போகும். இன்னொரு பக்கம், இவர்கள் நிஜமாக இருந்து அழித்துவிட்டால்: மலைப்பாதையில் வண்டி வாரத்தில் ஒரு நாள்தான். அடுத்த வியாழன் வரை இருபத்துமூன்று பேர்.

அந்தப் பக்கத்தில் அதற்குமேல் அவளால் எழுத முடியவில்லை. வசந்தத்தை வரவேற்க மார்ச் ஒன்றாம் தேதி மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலின் நுனியைத் தாளிலிருந்து ஒதுக்கிவிட்டாள்.

திரும்பவும் பெயர்களைப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தோனுக்குப் பிறகு அபொஸ்தோல் வர வேண்டும். வரவில்லை. போகொமிலுக்கு முன்னால் போக்தான் இல்லை. பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணினால் இப்படிப் பதினைந்து பெயர் விடுபட்டிருந்தது. வரிசையாக எழுதும் நிரல் எதற்காக இடையில் தாண்டிப்போகும்?

“காலைல நெட்டு விட்டு விட்டு வந்துச்சு,” என்றார் ஸ்பாஸ். “பாதி ஏறும், பாதி விழுந்துடும். நீ போலீஸ் நாய் மாதிரி மோந்துக்கிட்டே இரு, மணி ஓடிக்கிட்டே இருக்கும்.”

அதுவும் நடக்கக்கூடியதுதான். அவள் நினைத்த எதற்கும் அவரிடம் நடக்கக்கூடிய ஒரு பதில் இருந்தது. தன் சந்தேகம் நியாயமானதா, அல்லது தான் எப்போதும் இப்படித்தானா என்று அவளுக்கே விளங்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவள் அவள். மாலை வகுப்பில் விடைத்தாளைக் கொடுத்த பிறகு ஒரு தடவை அதைத் திரும்ப வாங்கிப் பார்த்து, சரியாக இருந்த விடையை மாற்றிக் கொடுத்தவள்.

“அந்த நம்பருக்குப் போன் பண்ணட்டுமா?” என்று கேட்டாள்.

ஸ்பாஸ் சிரித்துவிட்டார். “நீயே கற்பனையா அடிச்ச நம்பருக்கு நீயே பேசப் போறியா? எடுத்தா யாருன்னு கேப்ப?”

ஆனாலும் தடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மணி ஒன்று பத்து. ஒலிபெருக்கியைப் போட்டு எண்ணை அழுத்தினாள். நீளமாக அடித்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள். ஆறாவது மணியில் யாரோ எடுத்தார்கள். வயதான ஆணின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது.

“சொல்லுங்க.”

“வணக்கம் ஐயா. அலெகோ திமித்ரோவ் இருக்காரா?”

அவள் மறுபடி கேட்டாள்.

“அப்படி யாரும் இங்க இல்ல.”

“ஆங்கெல் மனோலோவ்?”

“இல்ல.”

“அந்தோன்…”

“அம்மா, நீங்க எந்த ஆபீசுலருந்து பேசுறீங்க?” குரல் மெலிந்துவிட்டது. “அந்தப் பட்டியல் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

தெமெனுகா மிக மோசமான பதிலைச் சொன்னாள். “சரிபார்க்கத்தான் ஐயா.”

“இங்க அந்தப் பேர்ல யாரும் கிடையாது. நாங்க ஒண்ணும் செய்யல,” என்று சொல்லி அந்த ஆள் வைத்துவிட்டார்.

ஸ்பாஸ் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

“கேட்டாச்சு. ஊர்க்காரனே சொல்லிட்டான். ஏதோ ஒரு அப்பாவிக் கிழவனோட நம்பரை நீ போட்டிருக்க, அவன் நம்மளைத் திருடனுங்கன்னு நினைச்சுட்டான். அழி மெனா.”

அவள் கட்டளையை எழுதினாள். திரை கேட்டது: 23 பதிவுகள் நீக்கப்படும், உறுதியா? கீழே இரண்டு பொத்தான்கள். மணி ஒன்று இருபத்தெட்டு. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அந்தக் கிழவர் தவறான எண் என்று சொல்லவில்லை. பட்டியல் என்றார். அவள் பட்டியல் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை; மூன்று பெயரைத்தான் கேட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. அது என்ன என்று பிடிபட அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆக்சிஜன் கம்பெனிக்காரர்கள் அவர்களைக் கிடங்குக்கு அழைத்துப்போய், ஒவ்வொருவர் மூக்கிலும் குழாயை மாட்டிக் காட்டினார்கள். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தில் மட்டும் சிலிண்டர் திறந்து மூடும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ட்ஸிக். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது.

“அண்ணே, அவர் மூக்குல குழாய் இருக்கு.”

“என்ன?”

“அவரும் நம்ம நோயாளி.”

அவள் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. மணி ஒன்று முப்பத்தாறு. நான்காம் தடவை எடுத்தார்கள், ஆனால் பேச்சில்லை. ட்ஸிக் மட்டும் கேட்டது. இப்போது ஸ்பாஸுக்கும் கேட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஐயா, வைச்சுடாதீங்க,” என்றாள் தெமெனுகா. “நான் போலீஸ் இல்ல. அரசாங்கமும் இல்ல. ஒரு ஆபீசுல வேலை பாக்குறேன். இல்லாத ஆளுங்களைப் பொய்யா எழுதுறதுதான் என் வேலை, மெஷினைச் சோதிக்கிறதுக்கு. இன்னிக்கு அவங்களை நிஜ ஆளுங்களோட கலந்துட்டேன். இந்த இருபத்திமூணு பேரு நான் எழுதினவங்களா, உசிரோட இருக்குறவங்களான்னு எனக்குத் தெரியல. தப்பா அழிச்சுட்டேன்னா நாளைக்கு உங்க ஊருக்கு ஆக்சிஜன் வண்டி வராது. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு ஐயா.”

ஒப்பந்தம் போய்விடும், நிறுத்து என்று ஸ்பாஸ் சைகை காட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ட்ஸிக். ட்ஸிக். ட்ஸிக். அவள் எண்ணினாள். ஏழாவதில் குரல் வந்தது.

“உனக்கு என்ன வயசு, பொண்ணே?”

“இருபத்தினாலு.”

“அப்ப நீ பொறக்கவே இல்ல,” என்றார் அவர். “சரி. வாசி. மெதுவா வாசி.”

“அலெகோ.”

“அது ஹசன். மேட்டு வீடு. போன வாரம்தான் டாக்டர் வந்து எங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு சிலிண்டரைக் கொடுத்துப் புதுசா எழுதிக்கிட்டுப் போனாரு.”

தெமெனுகா அலெகோவின் அருகில் டிக் போட்டாள். பேனா தாளைக் கிழித்தது.

“ஆங்கெல்.”

“அடுத்ததைப் படி.”

“அந்தோன்.”

“முஸ்தஃபா. காது கேக்காது அவனுக்கு.”

“அஸென்.”

“இரு, இரு. நடுவுல ஒருத்தனை விட்டுட்ட. அபொஸ்தோல்.”

அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. “என் பட்டியல்ல அபொஸ்தோல் இல்ல ஐயா.”

“ஆமா, எப்படி இருப்பான். அது ரமதான். செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. நீ படி.”

அவள் படித்தாள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் இன்னொரு பெயரைச் சொன்னார். எங்கெல்லாம் வரிசை தாண்டியதோ அங்கெல்லாம் அவர் நிறுத்தி, தாண்டிய பெயரையும் சொன்னார். போக்தானா, அது இஸ்மாயில், சுரங்கத்திலேயே போய்விட்டான். போயான் என்றால் செலிம், இரண்டு வருடம் முன்னால் இருமி இருமி. வலெந்தின், அது வேறு யாருமில்லை, என் மச்சான், அவனும் போய்விட்டான். அவளுடைய தாளில் பதினைந்து ஓட்டைகள் இருந்தன. அவர் ஒன்றைக்கூட விடாமல், காகிதம் எதையும் பார்க்காமல், அகரவரிசையில் நிரப்பினார்.

நடுவில் எப்போதோ, யாரும் கேட்காமலே, அவர் அதைச் சொன்னார். எண்பத்தைந்தாம் வருடம் ஜனவரி. ராத்திரி ஷிப்ட் முடிந்து முப்பத்தெட்டு பேர் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது வாசலில் பனியில் ஒரு லாரி நின்றது. குளிக்கக்கூட விடாமல் நேராக ஊராட்சி அலுவலகத்துக்கு ஏற்றிப் போனார்கள். கதவில் துப்பாக்கியோடு இருவர். மேஜைக்குப் பின்னால் ஓர் எழுத்தர்.

“அரசாங்க உத்தரவு, இனி துருக்கிப் பேரு செல்லாது, இந்தப் பட்டியல்ல ஆளுக்கொரு பேரு எடுத்துக்கோங்கன்னான். எடுத்தா எழுதலாம், இல்லன்னா சம்பளமும் கிடையாது, வெளிய போகவும் முடியாதுன்னான். நாங்க யாரும் வாயைத் திறக்கல. அவன் எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பான். மொதப் பக்கத்தைப் பிரிச்சான். க்யூல நின்ன வரிசைக்கு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிக்கிட்டே போனான். எங்க ஷிப்டு வஸிலோட முடிஞ்சுது. பகல் ஷிப்டுக்கு மிச்ச எழுத்து.”

தெமெனுகா தன் பழைய நிரலை நினைத்தாள். முதல் பக்கத்திலிருந்து, யோசிக்காமல், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக.

ஆட்சி மாறிய பிறகு பழைய பெயரைத் திரும்ப வாங்க விட்டார்களே என்று அவள் தயங்கிக் கேட்டாள். ஆமாம், விட்டார்கள் என்றார் அவர். துருக்கிக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே மிஞ்சியவர்கள் நுரையீரலில் ஈயப்புழுதியோடு நகரத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைய முடியாதவர்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறவரை போதும் என்று விட்டுவிட்டார்கள். அட்டைப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

“நாப்பது வருசம் ஆகப்போகுது, ஒரு பொம்பளைக் குரல் போன்ல வரிசையா அதே பேரைப் படிக்குது. நான் என்னன்னு நினைப்பேன் சொல்லு. ஊருக்கே இந்தக் கடை போன் ஒண்ணுதான். ரொட்டி வாங்க நின்னவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு வெளிய போயிட்டாங்க.”

“மன்னிச்சுடுங்க ஐயா.”

“சரி, சரி. படி.”

கடைசியில் வஸில் வந்தான். வஸில் என்றால் யூசுஃப், குழாயைக் கழற்றிவிட்டு இப்போதும் சிகரெட் பிடிக்கிற மடையன் என்றார். தெமெனுகா டிக்குகளை எண்ணினாள். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினாள். இருபத்திரண்டுதான். மேலிருந்து இரண்டாவது வரி காலியாக இருந்தது.

மணி ஒன்று ஐம்பத்தொன்று.

“ஐயா, ஒருத்தர் மட்டும் பாக்கி. ஆங்கெல் மனோலோவ். அது நானே தப்பா எழுதின ஆளா இருக்கலாம். நீங்க அதைத் தாண்டிப் போகச் சொன்னீங்க.”

ட்ஸிக்.

“நீ எழுதினது இல்ல,” என்றார் அவர். “அது நான்.”

சாத்திய கதவுக்கு அப்பால் யாரோ காபி இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார்கள். அது இரைந்து ஓய்ந்தது. தெமெனுகா இரண்டாவது வரியில் டிக் போட்டாள். பிறகு திரையில் இன்னும் கேள்வியோடு காத்திருந்த பெட்டியில் ரத்து என்ற பொத்தானை அழுத்தினாள். மிகக் கவனமாக, இன்னொரு பொத்தானில் பட்டுவிடக்கூடாது என்று இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். இருபத்துமூன்று பேரும் இருந்த இடத்தில் இருந்தார்கள். காலையில் ஓடிய பழைய நிரல் ஓர் ஆளைக்கூட எழுதாமல்தான் நின்றிருக்கிறது.

ஸ்பாஸ் ஜன்னலருகே போய் நின்றிருந்தார்.

“நான் அப்ப நாலாங்கிளாஸ்ல இருந்தேன்,” என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. பிறகு, கம்பெனிக்குத் தானே கடிதம் எழுதப்போவதாகவும், காலையில் நடந்த எல்லாவற்றையும் எழுதப்போவதாகவும், அவள் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று அவர் குரலிலிருந்து தெரியவில்லை. பயம் அவளைவிட்டு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது அது வேலையைப் பற்றிய பயம் இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கக்கூடியவள்தானே தான் என்ற பயம்.

சரியாக இரண்டு மணிக்குத் திரையின் மூலையில் சின்னப் பூட்டு விழுந்தது. நாளைய வண்டி, திஹோதோல், 23.

“பூட்டிடுச்சு ஐயா,” என்றாள். “வண்டி வரும்.”

“நல்லது.” அவர் வைக்கவில்லை. கடையில் யாரோ கதவைத் திறந்து உள்ளே வரும் மணிச் சத்தம் கேட்டது. “ஒண்ணு கேக்கணும். அந்த மெஷின்ல எங்க பேரை மாத்தி எழுத முடியுமா? ஹசன், முஸ்தஃபான்னு?”

அட்டையில் இருக்கும் பெயரோடு பொருந்தாவிட்டால் சிலிண்டரை இறக்க மாட்டார்கள் என்று அவள் சொன்னாள்.

“தெரியும். சும்மா கேட்டேன்.” ட்ஸிக். “அப்ப அதுல இருக்குறபடியே இருக்கட்டும். டிரைவர்கிட்ட மட்டும் சொல்லி வை. வாசல்ல நின்னு அந்தப் பேரைக் கத்திக் கூப்பிட வேண்டாம்னு. ஹாரன் அடிச்சாப் போதும், நாங்களே வெளிய வர்றோம்.”

தெமெனுகா குறிப்பேட்டில் அதை எழுதி, அருகில் ஒரு சின்னக் கட்டம் வரைந்தாள்.